நொடிப்பொழுது வாழும் அணுக்கருக்கள்: அவற்றை அளந்தறிந்த வரலாறு

உலகப் பொருள்களை நிலைத்தவை, நிலையாதவை என இருவகையாகப் பிரித்துப் பார்ப்பது மாந்தரின் இயல்பு. நிலைத்தவற்றுக்கு மதிப்பளிப்பதும், தோன்றி மறைவனவற்றைப் பொருட்படுத்தாது விடுவதும் அவ்வியல்பின் பாற்பட்டவையே. அறிவியலும் தன் இளமைக் காலத்தில் இதற்கு விலக்காக இருக்கவில்லை. கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கத்தக்க, அழியாது நிற்கும் அணுக்களைக் கொண்டே அறிஞர்கள் அணுக்கரு விதிகளை முதலில் வகுத்தனர். அவ்விதிகள் அணுக்கரு உலகம் முழுமைக்கும் பொருந்தும் என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரமே உயிர்வாழும் அணுக்கருக்களை அளக்கக் கற்றுக்கொண்ட பின்னரே அவ்விதிகளின் எல்லை எது என்பது புலனாயிற்று. அந்த அளவீடு எங்கே தொடங்கியது, யார் யார் கைகளின் வழியாக வளர்ந்தது, அதனால் மனித குலம் அறிந்துகொண்டது யாது என்பவற்றை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளியிறுதி வகுப்பளவில் அறிவியல் பயின்ற எவரும் இதனைப் பின்தொடரலாம். கணக்குச் சூத்திரங்கள் ஈண்டு இல்லை. ஆயினும் எண்கள் உண்டு. அளவீட்டின் வரலாற்றை எண்கள் இன்றிக் கூற இயலாது.

அணுக்கருவும் அதன் ஐசோடோப்புகளும்

அணுவின் நடுவில் மிகச் சிறிய, மிகக் கனமான ஒரு கரு உண்டென்பதை 1911ஆம் ஆண்டில் ரூதர்போர்டு நிறுவினார். ஒரே தனிமத்தின் அணுக்களிலும் நிறை வேறுபட்டவை உண்டென்பதை உணர்ந்து, அவற்றுக்கு 1913இல் ‘ஐசோடோப்பு’ என்று பெயரிட்டவர் சாடி. ஆஸ்டன் 1919இல் அமைத்த நிறை நிறமாலைக் கருவி அவற்றைத் தனித்தனியே பிரித்து அளந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தபோது விளங்கிற்று. தனிமம் எது என்பதைப் புரோட்டான்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறும்போது தனிமம் மாறுவதில்லை, ஐசோடோப்பு மாறுகிறது.

நாம் உண்ணும் உப்பிலுள்ள சோடியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கருவில் 11 புரோட்டான்களும் 12 நியூட்ரான்களும் உள்ளன. ஆகவே அது சோடியம் 23. நிலைத்து நிற்கும் சோடியம் இவ்வொன்றே. நியூட்ரான்களை மேலும் மேலும் சேர்த்துச் சோடியம் 25, 28, 31 என்று ஆக்க இயலும். ஆனால் மிகையான நியூட்ரான்களைக் கொண்ட கரு அமைதியாக இராது. அதிலுள்ள ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். அப்போது பீட்டா துகளாக ஓர் எலக்ட்ரான் வெளியேறும். நியூட்ரான் மிகுதி கூடக்கூட இம்மாற்றம் பொதுவாக விரைவாக நிகழும். ஒரு தொகுதியிலுள்ள அணுக்களில் பாதி இவ்வாறு மாறுவதற்கு ஆகும் காலமே ‘அரை ஆயுட்காலம்’ எனப்படும். சோடியம் 31க்கு அது ஏறத்தாழ 17 மில்லி விநாடி. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

நிலைத்த அணுக்கருக்கள் ஏறத்தாழ 250 மட்டுமே. இதுவரை ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டவை 3,300க்கு மேற்பட்டவை. ஏறத்தாழ 7,000 வரை இருக்கக்கூடும் என்று கோட்பாட்டாளர்கள் 2012இல் கணித்தனர். ஆகவே நிலைத்தவற்றை மட்டும் கண்டு விதி கூறுவது, பெரியதோர் ஊரில் ஒரே தெருவை மட்டும் கணக்கெடுத்துவிட்டு ஊர் மக்கள் அனைவரைப் பற்றியும் முடிவு கூறுவதற்கு ஒப்பாகும்.

தச்சுப்பட்டறையில் பிறந்த அறிவு

நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்கள் பெருமளவில் மனிதர் கைக்கு வந்தது அணுப்பிளவினால். அதனை விளக்கியவர் லிசே மைட்னர் என்னும் பெண்மணி. 1907இல் அவர் பெர்லினுக்கு வந்தபோது அங்கிருந்த வேதியியல் நிறுவனத்திற்குள் பெண்கள் நுழைய இடமில்லை. கீழ்த்தளத்தில் இருந்த பழைய தச்சுப்பட்டறையில் மட்டும் அவர் பணியாற்றலாம், மேலே உள்ள ஆய்வறைகளுக்குச் செல்லக்கூடாது என்னும் நிபந்தனையோடு இடம் தரப்பட்டது. ஊதியமும் இல்லை. அவ்வறையிலிருந்து உயர்ந்து பேராசிரியரான அவர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1938ஆம் ஆண்டு சூலைத் திங்களில் செர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில், யுரேனியத்தை நியூட்ரான் தாக்கும்போது பேரியம் தோன்றுவதை ஓட்டோ ஹானும் சுட்ராஸ்மனும் பெர்லினில் கண்டனர். யுரேனியக் கரு இரண்டாகப் பிளக்கிறது என்னும் விளக்கத்தைச் சுவீடனில் அடைக்கலம் புகுந்திருந்த மைட்னரும் அவருடைய உடன்பிறந்தாள் மகன் ஃபிரிஷும் அளித்தனர். 1944ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

யுரேனியம் போன்ற கனமான கருக்களில் ஒவ்வொரு புரோட்டானுக்கும் ஒன்றரைக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் உள்ளன. நடுத்தர நிறையுள்ள நிலைத்த கருக்களுக்கு அத்தனை நியூட்ரான்கள் தேவையில்லை. எனவே யுரேனியம் பிளந்து உண்டாகும் துண்டுகள் பிறக்கும்போதே மிகையான நியூட்ரான்களோடு பிறக்கின்றன. இவையே நம் கட்டுரையின் நாயகர்கள்.

மாய எண்கள்

அணுக்கருவில் 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் எண்ணிக்கையில் புரோட்டான்களோ நியூட்ரான்களோ அமையும்போது அக்கரு தனிச்சிறப்பான உறுதி பெறுகிறது. 50 புரோட்டான்களைக் கொண்ட வெள்ளீயத்துக்குப் பத்து நிலைத்த ஐசோடோப்புகள் உள்ளன. வேறு எந்தத் தனிமத்துக்கும் இத்தனை இல்லை. 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் கொண்ட காரீயம் 208 மிக உறுதியானது. இவ்வெண்களுக்கு ‘மாய எண்கள்’ என்று பெயர் வழங்கலாயிற்று.

இவற்றின் காரணத்தை 1949இல் விளக்கியவர்களுள் ஒருவர் மரியா கெப்பர்ட் மேயர். செர்மனியில் யென்சனும் அவருடைய கூட்டாளிகளும் தனியே இதே முடிவுக்கு வந்தனர். வகுப்பறையில் இருக்கைகள் வரிசை வரிசையாக உள்ளன எனக் கொள்வோம். ஒரு வரிசை நிரம்பிய பின் வரும் மாணவன் அடுத்த வரிசைக்குச் சென்றாக வேண்டும். இரு வரிசைகளுக்கு இடையே அகன்ற இடைவெளி இருக்குமாயின், நிரம்பிய வரிசை தனித்துத் தெரியும். கருவிலும் துகள்கள் இவ்வாறே அடுக்குகளை நிரப்புகின்றன. துகளின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்று இயக்கத்துக்கும் வலுவான பிணைப்பு உண்டென்று கொண்டால், அகன்ற இடைவெளிகள் மேற்கூறிய எண்களிலேயே வந்து விழுகின்றன. இப்பிணைப்பைப் பற்றிய வினாவை எழுப்பித் தமக்கு வழிகாட்டியவர் பெர்மி என்று மேயர் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார்.

இக்கண்டுபிடிப்பைச் செய்த காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் என்னும் பெயர் இருந்தது, ஊதியம் இல்லை. கணவர் பணியாற்றும் இடத்தில் மனைவிக்குப் பணி தருவதில்லை என்னும் வழக்கத்தால், அதற்கு முன்பும் பல்லாண்டுகள் பல்கலைக்கழகங்களில் உரிய பதவியின்றியே அவர் ஆராய்ச்சி செய்துவந்தார். முழுநேர ஊதியத்துடன் கூடிய பேராசிரியர் பதவி 1960இல் தான் அவருக்குக் கிடைத்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1963இல், நோபல் பரிசும் கிடைத்தது.

மேயரின் கோட்பாடு மாபெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது நிலைத்த கருக்களையும் அவற்றை அடுத்துள்ளவற்றையும் கொண்டே சோதிக்கப்பட்டிருந்தது. அவற்றிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள கருக்களிலும் மாய எண்கள் இவையே தானா என்னும் வினாவுக்கு, அக்கருக்களை அளந்தாலன்றி விடை கூற இயலாது.

கோபன்ஹேகன் காட்டிய வழி

அளப்பது எங்ஙனம்? பிளவில் தோன்றும் துண்டுகளை வேதியியல் முறையில் பிரித்தெடுப்பதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் குறுகிய ஆயுளுடையவை அழிந்துவிடும். உண்டாக்கும் இடத்தையும் பிரிக்கும் கருவியையும் ஒரே குழாயால் இணைத்துவிட்டால் என்ன என்பதே டென்மார்க்கைச் சேர்ந்த கோஃபோட் ஹான்சன், நீல்சன் ஆகிய இருவர் கண்ட வழி. 1951இல் கோபன்ஹேகன் நகரில், நீல்சு போர் தலைமை தாங்கிய நிறுவனத்தில் இச்சோதனை நடைபெற்றது. யுரேனிய ஆக்சைடுப் பொடியுடன், ரொட்டி சுடுவோர் மாவு பொங்குவதற்குச் சேர்க்கும் வாயு விடும் பொடியைக் கலந்து வைத்தனர். சைக்ளோட்ரானிலிருந்து பெற்ற நியூட்ரான்கள் யுரேனியத்தைப் பிளந்தன. பொடியிலிருந்து கிளம்பிய வாயு, பிளவில் தோன்றிய கிரிப்டானை உடன் அழைத்துக்கொண்டு குழாய் வழியே ஐசோடோப்புப் பிரிப்பானுக்குச் சென்றது. அங்கே கிரிப்டான் 89, 90, 91 ஆகியவை காந்தத்தால் தனித்தனியே பிரிக்கப்பட்டன. இவற்றுள் கடைசியானதன் அரை ஆயுட்காலம் ஒன்பது விநாடிக்கும் குறைவு. அடுப்படியில் புழங்கும் ஒரு பொடியே புதியதோர் ஆராய்ச்சித் துறைக்குக் கதவு திறந்தது எனலாம்.

இவ்வழியையே பேரளவில் செய்வதற்கு ஐரோப்பிய நாடுகளின் கூட்டு ஆய்வகமான செர்னில் ‘ஐசோல்டே’ என்னும் நிலையம் நிறுவப்பட்டது. 1964இல் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தின் முதற் சோதனைகள் 1967ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடைபெற்றன. யுரேனியம் கார்பைடு போன்ற பொருளாலான கட்டியை 2,000 டிகிரி செல்சியசு அளவுக்குச் சூடாக்கி, அதன்மீது விரைந்த புரோட்டான்களைச் செலுத்துகின்றனர். உள்ளே பிறக்கும் அணுக்கள் வெப்பத்தால் கசிந்து வெளிவருகின்றன; அயனியாக்கப்படுகின்றன; மின்னழுத்தத்தால் விரைவூட்டப்பட்டுக் காந்தத்தின் வழியே சென்று நிறைவாரியாகப் பிரிகின்றன. எழுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐசோடோப்புகளை இந்நிலையம் ஆய்வாளர்களுக்கு வழங்கியுள்ளது.

மற்றொரு வழியும் பின்னர் வளர்ந்தது. கனமான கருவையே ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ச்சி, பெரிலியம் போன்ற மெல்லிய தகட்டில் மோதச் செய்தல் அவ்வழியாகும். சிதறும் துண்டுகள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பறப்பதால், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் அளவுகருவியை அடைந்துவிடுகின்றன. சப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் 2007 முதலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2022இல் தொடங்கிய புதிய நிலையத்திலும் இம்முறை கையாளப்படுகிறது.

சோடியம் தந்த வியப்பு

இனி நம் வரலாற்றின் திருப்புமுனைக்கு வருவோம். பாரிசு நகரையடுத்த ஓர்சேயைச் சேர்ந்த ராபர்ட் கிளாபிஷ், கேத்தரின் திபோ முதலியோர் செர்னின் பெரிய புரோட்டான் முடுக்கியைப் பயன்படுத்திச் சோடியம் ஐசோடோப்புகளை ஆராய்ந்தனர். சோடியம் போன்ற கார உலோகங்கள் சூடான உலோகப் பரப்பில் பட்டதும் எளிதில் ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும். ஆகவே அவற்றை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுத்தல் எளிது. சோடியம் 26 முதல் 32 வரை உள்ளவற்றின் நிறைகளை அளந்து 1975இல் வெளியிட்டனர்.

நிறையை அறிவதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பத்துப் படி நெல்லைத் தனித்தனியே நிறுத்தாலும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறுத்தாலும் எடை ஒன்றே. அணுக்கருவில் அவ்வாறன்று. புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து கருவாகும்போது நிறையில் ஒரு சிறு பங்கு ஆற்றலாக வெளியேறிவிடுகிறது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் கரு இறுக்கமாகப் பிணைந்துள்ளது என்று பொருள். ஆகவே கருவின் நிறையை நுட்பமாக அளப்பது, அதனைக் கட்டிவைத்திருக்கும் கயிற்றின் வலிமையை அளப்பதாகும்.

சோடியம் 31இல் நியூட்ரான்கள் 20. அது மாய எண். 20ஆம் நியூட்ரானோடு அடுக்கு நிரம்ப வேண்டும். அதற்குப்பின் சேரும் நியூட்ரான்கள் தளர்ந்தே பிணைய வேண்டும். அளவீடு கூறியதோ வேறு. சோடியம் 31, 32 ஆகிய இரண்டும் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகப் பிணைந்திருந்தன. அடுக்கு நிரம்பியதற்கான அடையாளமே அங்கு இல்லை. அக்கரு உருண்டையாக இராமல் நீண்ட வடிவம் கொண்டிருக்க வேண்டும் என்று ஓர்சேயின் கோட்பாட்டாளர்கள் அவ்வாண்டிலேயே விளக்கம் கூறினர்.

ஒரே அளவீட்டை நம்பி நிலைபெற்ற விதியை அறிவியல் தள்ளிவிடுவதில்லை. வேறு வழிகளில் சோதித்தனர். 12 புரோட்டான்களும் 20 நியூட்ரான்களும் கொண்ட மக்னீசியம் 32இன் முதற் கிளர்வு நிலை 1979இல் அறியப்பட்டது. நிரம்பிய அடுக்கைக் கிளறுவதற்குப் பேராற்றல் வேண்டும். இரண்டே புரோட்டான்கள் கூடுதலாகவுள்ள சிலிக்கன் 34க்கு அது 33 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டு. மக்னீசியம் 32க்கோ 8.85 இலட்சம் மட்டுமே. 1995இல் ரிக்கென் நிறுவனத்தில் மோட்டோபயாஷி குழுவினர் செய்த சோதனை, அக்கரு உருத்திரிந்து நீண்டிருப்பதை உறுதி செய்தது. அணுக்கரு வரைபடத்தில் இப்பகுதிக்குத் ‘தலைகீழ்த் தீவு’ என்னும் பொருள்பட 1990இல் பெயரிட்டனர். மேலடுக்கில் அமர வேண்டியவை கீழடுக்குக்கு முன்பே இடம்பெற்றுவிடும் பகுதி என்பது அதன் கருத்து.

அளக்கும் முறைகள்

இத்தகைய கருக்களில் அளக்கத்தக்க பண்புகள் பல. முதன்மையானவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

அரை ஆயுட்காலத்தை அளக்கக் கருவைச் சிலிக்கன் தகடொன்றில் பதிய வைக்கின்றனர். பதிந்த நேரமும் பீட்டா துகள் வெளியேறிய நேரமும் குறிக்கப்படுகின்றன. தனியொரு கரு எப்போது மாறும் என்று யாராலும் கூற முடியாது. பல கருக்களின் நேரங்களைத் தொகுத்தால் பாதி அழியும் காலம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

நிறையை அளக்க இன்று பயன்படுவது பென்னிங் பொறி. கவணில் கட்டிய கல்லைப்போல, அயனி வலிய காந்தப் புலத்தில் வட்டமிடுகிறது. கனமான அயனி மெதுவாகவும், இலேசான அயனி விரைவாகவும் சுற்றும். பூமியின் காந்தப்புலத்தைவிட இலட்சம் மடங்குக்கும் வலிய 6 டெஸ்லா புலத்தில், நிறை எண் 100 உள்ள ஓர் அயனி விநாடிக்கு ஒன்பது இலட்சம் முறைக்குமேல் சுற்றும். சுற்றுகளின் எண்ணிக்கையிலிருந்து நிறை கிடைத்துவிடும். ஐசோல்டே நிலையத்தில் 1980களில் குளூகே தலைமையில் அமைந்த பொறி இதற்கு முன்னோடி. பத்துக் கோடியில் ஒரு பங்கு என்னும் நுட்பம் இதில் எட்டப்பட்டது. பத்து டன் பாரம் ஏற்றிய வண்டியை எடைபோட்டு, அதில் சில நெல்மணிகள் அளவுக்கு எடை ஏறியதா இறங்கியதா என்று கூறுவதற்கு இது ஒப்பானது.

கருவின் உருவையும் காந்தத் தன்மையையும் அறிய லேசர் ஒளி உதவுகிறது. அணுவின் எலக்ட்ரான்கள் உமிழும் நிறமாலைக் கோடு, கருவின் அளவு மாறும்போது மிகமிகச் சிறிதளவு இடம் பெயரும். சோடியம் 21 முதல் 31 வரை உள்ளவற்றை இம்முறையில் அளந்து 1978இல் வெளியிட்டனர். 1975இன் முடிவுக்கு அதுவும் வலுவூட்டிற்று.

லிதியம் 11

அளவீடு தந்த அடுத்த வியப்பு லிதியத்தில் வந்தது. லிதியம் 11இல் 3 புரோட்டான்களும் 8 நியூட்ரான்களும் உள்ளன. அரை ஆயுட்காலம் ஒன்பது மில்லி விநாடிக்கும் குறைவு. 1985இல் சப்பானிய அறிஞர் தனிஹாதாவும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பெர்க்லியில் லிதியம் கருக்களை இலக்குகளின்மீது பாய்ச்சி, எத்தனை மோதுகின்றன, எத்தனை மோதாமல் செல்கின்றன என்று எண்ணினர். உருப்பெரிய பொருள் அடிக்கடி மோதும் என்பது வெளிப்படை. லிதியம் 11 எதிர்பார்த்ததைவிட மிகப் பெரியதாகக் காணப்பட்டது.

ஹான்சன், யோன்சன் ஆகியோர் 1987இல் இதற்கு விளக்கம் தந்தனர். கடைசி இரு நியூட்ரான்களும் நடுக்கருவை விட்டு வெகுதூரம் விலகி, நிலவைச் சூழ்ந்த ஊர்கோளைப்போல மங்கலாகப் பரவியிருக்கின்றன. அப்பரப்பைக் கணக்கிட்டால், பதினொரு துகள்களே கொண்ட லிதியம் கரு 208 துகள்களைக் கொண்ட காரீயக் கருவின் அளவுக்கு நீண்டுவிடுகிறது! மேலும் ஒரு புதுமை: நடுக்கரு, இரு நியூட்ரான்கள் ஆகிய மூன்றில் ஒன்றை நீக்கினாலும் எஞ்சிய இரண்டும் சேர்ந்து நில்லா. மூன்றும் சேர்ந்தால் மட்டுமே நிற்கும்.

இவ்விரு நியூட்ரான்களையும் பிரிக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்பதைக் கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள டிரையம்ப் நிலையத்தார் 2008இல் பென்னிங் பொறியில் அளந்தனர். விடை ஏறத்தாழ 3.69 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டு. சாதாரணக் கருவிலிருந்து ஒரேயொரு நியூட்ரானைப் பிரிக்கவே ஏறத்தாழ 80 இலட்சம் வேண்டும் என்பதை நோக்க, எத்துணை மெல்லிய பிணைப்பு இது என்பது விளங்கும். அன்றுவரை அத்தகைய பொறியில் அளக்கப்பட்டவற்றுள் மிகக் குறுகிய ஆயுளுடைய கரு இதுவே.

மறைந்த எண்களும் தோன்றிய எண்களும்

பழைய மாய எண் ஓரிடத்தில் மறைகிறதென்றால், புதிய மாய எண் வேறோரிடத்தில் தோன்றுமன்றோ? அதுவும் நிகழ்ந்தது. 8 புரோட்டான்களும் 16 நியூட்ரான்களும் கொண்ட ஆக்சிஜன் 24 மாயக் கருவின் இலக்கணம் உடையது என்பது 2009இல் தெளிவாயிற்று. இதனைக் காட்டிய குழுக்களுள் ஒன்றற்குத் தலைமை தாங்கியவர் இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் ரிது கனுங்கோ என்னும் பெண் அறிவியலாளர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. மாறாக, 8 புரோட்டான், 20 நியூட்ரான் எனப் பழைய மாய எண்கள் இரண்டையும் கொண்ட ஆக்சிஜன் 28, 2023இல் ரிக்கென் நிறுவனத்தில் முதன்முதலாகக் காணப்பட்டபோது, உறுதியாக நிற்பதற்கு மாறாகத் தோன்றிய கணமே நான்கு நியூட்ரான்களை உதிர்த்து ஆக்சிஜன் 24 ஆகிவிட்டது.

கால்சியத்திலும் இவ்வாறே. 32 நியூட்ரான்களைக் கொண்ட கால்சியம் 52 தனிச்சிறப்பான பிணைப்புடையது என்பதை, கால்சியம் 53, 54 ஆகியவற்றின் நிறைகளை அளந்து ஐசோல்டே ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். அவ்வாண்டிலேயே ரிக்கென் நிறுவனத்தார், கால்சியம் 54இன் கிளர்வு நிலை 20 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருப்பதைக் கண்டு, 34 என்னும் எண்ணுக்கும் அங்கே மாயத் தன்மை உண்டென்றனர். ஆனால் 2016இல் லேசர் முறையில் கால்சியம் 52இன் உருவளவை அளந்தபோது, மாயக் கருவுக்கு எதிர்பார்ப்பதைவிட அது பெரிதாக இருந்தது. நிறை ஒன்று கூற, உருவளவு மற்றொன்று கூறியது. ஒரே பண்பை அளந்து ஒரு கருவை முழுதும் அறிந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பழைய எண்கள் எல்லாம் பொய்த்தன என்று கூறுவதும் பிழை. 50 புரோட்டான்களும் 82 நியூட்ரான்களும் கொண்ட வெள்ளீயம் 132 உண்மையான மாயக் கருவே என்று 2010இலும், 28 புரோட்டான்களும் 50 நியூட்ரான்களும் கொண்ட நிக்கல் 78உம் அத்தகையதே என்று 2019இலும் நிறுவப்பட்டது. விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இடந்தோறும் அளந்தே அறிய வேண்டும்.

பொன் பிறந்த கதை

இத்துணைப் பொருட்செலவில் நொடிப்பொழுது வாழ்வனவற்றை ஏன் அளக்க வேண்டும்? நம் தாய்மார் கழுத்தில் அணியும் பொன்னின் பிறப்பு அவற்றில்தான் அடங்கியுள்ளது என்பது ஒரு விடை.

இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறத்தாழப் பாதி, நியூட்ரான் வெள்ளத்தில் கருக்கள் மிக விரைவாக நியூட்ரான்களை விழுங்குவதால் உண்டாகின்றன என்று 1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெப்ரி பர்பிட்ஜ், பௌலர், ஹாயில் ஆகிய நால்வரும், தனியே கேமரன் என்பாரும் கூறினர். இவர்களுள் மார்கரெட் பர்பிட்ஜுக்கு, மவுண்ட் வில்சன் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றுவதற்கான உதவித்தொகை பெண் என்னும் காரணத்தால் மறுக்கப்பட்டது. பின்னர்க் கணவரின் உதவியாளர் என்னும் பெயரில்தான் அவர் அங்குத் தொலைநோக்கியைப் பயன்படுத்த முடிந்தது.

அந்நியூட்ரான் வெள்ளத்தில் கருக்கள் செல்லும் பாதை முழுவதும் நியூட்ரான் மிகுந்த, குறுகிய ஆயுளுடைய கருக்களின் ஊடே செல்கிறது. 82 நியூட்ரான் போன்ற மாய எண்களில் பாதை தடைபட்டு நிற்கும். அங்கே கரு பீட்டா மாற்றம் அடைந்தால்தான் மேற்செல்ல முடியும். எனவே அவ்விடத்திலுள்ள காட்மியம் 130இன் அரை ஆயுட்காலம் மிக இன்றியமையாதது. 1986இல் ஐசோல்டே நிலையத்தில் கிராட்ஸ் குழுவினர் அதனை முதன்முதலில் அளந்து 195 மில்லி விநாடி என்றனர். 2003இல் 162 என்றும், 2015இல் ரிக்கென் நிறுவனத்தில் 127 என்றும் அளவு திருத்தம் பெற்றது. 2015ஆம் ஆண்டுச் சோதனையில் மட்டும் 110 கருக்களின் அரை ஆயுட்காலங்கள் அளக்கப்பட்டன. அவற்றுள் நாற்பது முன்னர் அறியப்படாதவை. தடையில் நிற்கும் நேரம் குறையுமாயின், கனமான தனிமங்களை நோக்கிய ஓட்டம் விரையும். ஓர் எண் மாறினால் விண்மீன்களின் கணக்கே மாறுகிறது.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய செய்தி ஈர்ப்பலைகளாகப் பூமியை வந்தடைந்தது. தொடர்ந்து வந்த ஒளியில் கனமான தனிமங்கள் புதிதாகப் பிறந்தமைக்கான சான்றுகள் காணப்பட்டன. அவ்வொளி மங்கிய விதத்தைப் படித்தறிய வேண்டுமாயின், பூமியில் அளக்கப்பட்ட அரை ஆயுட்காலங்களும் நிறைகளும் கையில் இருக்க வேண்டும்.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது

இளைஞர்களே! இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் ஒன்றையொன்று ஒத்துச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். நிலைத்த 250 கருக்களைக் கண்டு வகுத்த விதியை, நெடுநாள் அளக்கப்படாதிருந்த கருக்கள் திருத்தின. அத்துறையின் அடித்தளத்தை இட்டவர்களுள் ஒருவர் கீழ்த்தளத்துப் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர்; ஒருவர் ஊதியமின்றி உழைத்தவர்; ஒருவர் பிறர் பெயரில் தொலைநோக்கியைத் தொட்டவர். இன்னாருக்கு இவ்வறிவு எட்டாது என்று சொன்னவர்கள், சொல்லுமுன் அளந்து பார்க்கவில்லை. அளக்காமல் சொன்ன சொல் எத்தனை தலைமுறையாகச் சொல்லப்பட்டாலும் விதி ஆகிவிடாது. இது நம் சமுதாயம் தன் வாழ்விலேயே அறிந்த உண்மை. இயற்பியலும் அதற்குச் சான்று தருகிறது.

அணுக்கரு வரைபடத்தில் இன்னும் ஏறத்தாழப் பாதி நிரப்பப்படாமல் உள்ளது. பத்தாம் வகுப்பில் அறிவியலில் ஆர்வம் கொள்ளும் நம் பிள்ளைகள், இயற்பியலும் கணக்கும் கடினம் என்று பிறர் கூறக்கேட்டு அவற்றைக் கைவிடுதல் ஆகாது. பட்டப்படிப்பில் இயற்பியலைத் தேர்ந்தெடுங்கள். முதுகலைக்குப் பின் ஆராய்ச்சிக்குச் செல்லுங்கள். நம் வீட்டில் இதுவரை யாரும் சென்றதில்லை என்பது செல்லாதிருப்பதற்குக் காரணம் ஆகாது. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கையில் நூலைக் கொடுத்துவந்துள்ளது. அடுத்து வரும் ஆண்டுகளில் அளவுகோலையும் கொடுக்க வேண்டும். நிரப்பப்படாத அக்கட்டங்களுள் ஒன்றை நம் பிள்ளை ஒருவர் அளந்து நிரப்பும் நாள் வருக!